ஸ்பானிய மொழியின் ‘தெனேர்’ என்னும் வினை: பொருளும் புழக்கமும்

கேள்வியின் சாரம் இது: ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கும் ஒருவர், ‘தெனேர்’ என்றால் ‘வைத்திருத்தல்’ என்று பாடநூலில் படித்திருக்கிறார். ஆனால் அதே வினை வயதைச் சொல்லவும், பசியையும் பயத்தையும் சொல்லவும், ‘போக வேண்டும்’ என்ற கட்டாயத்தைச் சொல்லவும் வருகிறது. அதன் வடிவங்களும் எந்த ஒழுங்குக்கும் அடங்காதவைபோல் தோன்றுகின்றன. எல்லாவற்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா என்று கேட்கிறார்.

வழி உண்டு. ஆனால் அதற்கு முதலில் ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ என்ற வினையை மனத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் ஸ்பானியத்தை ஆங்கில வழிப் பாடநூல்களிலிருந்தே கற்கிறோம். அதனால் தமிழ் வாக்கியத்தை முதலில் ஆங்கிலமாக்கி, பிறகு அந்த ஆங்கிலத்தை ஸ்பானியமாக்குகிறோம். ‘தெனேர்’ விஷயத்தில் இந்தச் சுற்றுவழிதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். ‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களிலிருந்து நேராக ‘தெனேர்’ வினைக்குப் போனால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். மீதிப் பாதி, எந்த ‘எனக்கு’ இந்த வினையிடம் போகாது என்பதைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது.

பொருளுக்குப் போகுமுன் ஒலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இங்கே ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஸ்பானிய உயிர்களில் குறில், நெடில் என்ற வேறுபாடு கிடையாது; ஆகவே நான் நெடிலாக எழுதும் இடம் அழுத்தம் விழும் இடம் என்று கொள்ளுங்கள். இந்த வினையின் முதல் ஒலி ஆங்கிலத்தில் உள்ளதைப் போன்ற டகரம் அன்று. பல்லில் நாக்குப் படும் நம் தகரமே. ‘தேங்கொ’ என்பதிலுள்ள ‘ங்க்’, ‘தெந்த்ரே’ என்பதிலுள்ள ‘ந்த்’, ‘தெனீதொ’ என்பதில் இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலிந்து ஒலிக்கும் தகரம் ஆகிய மூன்றும் தமிழர் வாயில் இயல்பாகவே சரியாக வரும், ஏனெனில் மெல்லினத்துக்குப் பின் வல்லினம் ஒலிப்புப் பெறுவதும், உயிர்களுக்கு இடையே மெலிவதும் தமிழிலும் உண்டு. ‘தூபெ’ போன்ற வடிவங்களை ஸ்பானியர்கள் ‘வி’ என்ற எழுத்தைக் கொண்டு எழுதினாலும், அந்த எழுத்துக்குத் தனியான வகர ஒலி அம்மொழியில் இல்லை. நம் ‘கோபம்’ என்ற சொல்லில் உள்ள பகரத்தைப் போல அதை ஒலித்தால் போதும். நமக்குக் கடினம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஸ்பானியத்தில் சொல்லின் முதலிலும் ஒலிப்புள்ள க, த, ப வரும். உயிர்களுக்கு நடுவே ஒலிப்பில்லாத தகரமும் வரும். இடையில் வரும் ஒலிப்பில்லாத தகரத்தை இங்கே ‘த்த’ என்று இரட்டித்து எழுதுகிறேன். ஒலிக்கும்போது இரட்டிக்க வேண்டாம்.

இனி உடைமைப் பொருளைப் பார்ப்போம். தமிழில் ‘உடைத்தாயிரு’ என்ற பொருளில் அன்றாடம் புழங்கும் தனி வினை இல்லை. நாம் ‘இரு’ என்ற வினையையே வைத்துக்கொண்டு, உடையவரை வேற்றுமை உருபால் காட்டுகிறோம். ‘என்னிடம் பணம் இருக்கிறது’ என்கிறோம். கையில் உள்ளதும் கைமாறக்கூடியதும் ‘இடம்’ என்ற உருபைப் பெறுகின்றன. ‘எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்’ என்கிறோம். உறவு ‘கு’ உருபைப் பெறுகிறது. ‘இந்த வீட்டுக்கு மூன்று வாசல்’, ‘இந்தப் புத்தகத்தில் நூறு பக்கம்’ என்று உறுப்பையும் உள்ளடக்கத்தையும் வேறு வேறு உருபுகளால் சொல்கிறோம். இந்த நுட்பமான வேறுபாடுகள் அனைத்தையும் ஸ்பானியம் ஒரே வினைக்குள் அடக்கிவிடுகிறது. பணம், அண்ணன், வாசல், பக்கம் என எதுவானாலும் ‘தெனேர்’தான், உடையவர் எப்போதும் எழுவாய், உடைமை எப்போதும் செயப்படுபொருள். இந்த அளவில் ஸ்பானியம் தமிழைவிட எளிது.

ஆனால் இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் வினைமுற்று உடைமைக்கு ஏற்ப மாறுகிறது: அண்ணன்கள் ‘இருக்கிறார்கள்’, பணம் ‘இருக்கிறது’. ஸ்பானியத்தில் அது உடையவருக்கு ஏற்ப மாறும். ஆகவே ‘எனக்கு இரண்டு சகோதரர்கள்’ என்பது ‘தேங்கொ தோஸ் எர்மானொஸ்’. சகோதரர்கள் பன்மையாயிற்றே என்று வினையைப் பன்மையாக்கி ‘தியேனென்’ என்று சொன்னால், ‘அவர்களுக்கு இரண்டு சகோதரர்கள்’ என்று பொருள் திரிந்துவிடும். தமிழ் வழியில் சிந்திப்பவர்கள் இதில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். பேசும் வேகத்தில் வாய் தானாகவே பன்மையை நாடும்.

அடுத்து உடலும் மனமும் உணர்வன. ‘தேங்கொ ஆம்ப்ரெ’ என்றால் எனக்குப் பசிக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பசியை உடையேன்’. தாகம், தூக்கம், குளிர், வெப்பம், பயம், வெட்கம், அவசரம், பொறாமை எல்லாம் இதே அச்சில் வருகின்றன: ‘தேங்கொ ஸேத்’, ‘தேங்கொ ஸுவேஞொ’, ‘தேங்கொ ஃப்ரீஒ’, ‘தேங்கொ கலோர்’, ‘தேங்கொ மியேதொ’, ‘தேங்கொ ப்ரீஸ’. ஆங்கில வழியாக வருபவர்கள் இந்த இடத்தில் ‘நான் பசியாய் இருக்கிறேன்’ என்னும் அமைப்பைக் கொண்டுவந்து, ‘எஸ்தோய்’ என்ற வினையோடு ‘ஆம்ப்ரெ’ என்பதைச் சேர்த்துவிடுகிறார்கள். அது ஸ்பானியர் காதுக்கு ‘நான் பசி’ என்று கேட்கும். தமிழிலிருந்து நேராக வந்தால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. ‘எனக்குப் பசி’, ‘எனக்குத் தாகம்’, ‘எனக்குப் பயம்’ என்று நாம் பெயர்ச்சொல்லையே பயன்படுத்துகிறோம். ஸ்பானியரும் பெயர்ச்சொல்லையே பயன்படுத்துகிறார்கள். ‘எனக்கு’ என்பதை ‘நான்’ ஆக்கி, ‘தெனேர்’ வினையை அதற்கேற்ப மாற்றினால் வாக்கியம் தயார்.

பெயர்ச்சொல் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘மிகவும் பசிக்கிறது’ என்று சொல்லும்போது பெயரடைக்கு முன் வரும் ‘மூய்’ என்ற சொல் இங்கே செல்லாது. அளவைக் குறிக்கும் ‘மூச்சொ’ அல்லது ‘மூச்ச’ வர வேண்டும். அது பெயரின் பாலுக்கு ஏற்ப மாறும். குளிர் ஆண்பால், ஆகவே ‘மூச்சொ ஃப்ரீஒ’. தாகம் பெண்பால், ஆகவே ‘மூச்ச ஸேத்’. பசி பலரையும் தடுமாறச் செய்வது. அழுத்தமுள்ள அகரத்தில் தொடங்குவதால் அதற்கு முன்னே ‘எல்’ என்ற ஆண்பால் சுட்டு வந்து ‘எல் ஆம்ப்ரெ’ என்றாகிறது. ஆயினும் சொல் பெண்பாலே. ‘மூச்ச ஆம்ப்ரெ’ என்பதே சரி. ‘மூச்சொ ஆம்ப்ரெ’ என்று தாய்மொழியாளர்கள் சிலர் பேசுவதை நீங்கள் கேட்கலாம். எழுத்தில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

குளிரைச் சொல்லும் மூன்று வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ‘தெனேர்’ வினையின் எல்லை தெளிவாகும். ‘தேங்கொ ஃப்ரீஒ’ என்றால் எனக்குக் குளிர்கிறது. ‘ஆஸெ ஃப்ரீஒ’ என்றால் வெளியே குளிராக இருக்கிறது; வானிலைக்கு ‘செய்’ என்று பொருள்படும் ‘அஸேர்’ என்ற வினை. ‘எல் கஃபே எஸ்தா ஃப்ரீஒ’ என்றால் காபி ஆறிப்போயிருக்கிறது. பொருளின் நிலைக்கு ‘எஸ்தார்’ என்ற வினை (மேலே கண்ட ‘எஸ்தோய்’ இதன் தன்மை ஒருமை வடிவம்). உணரும் உயிர், சூழ்ந்திருக்கும் வானிலை, தொட்டுப் பார்க்கும் பொருள் என்று மூன்றுக்கும் மூன்று வினைகள். வெப்பத்தைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டைக் கட்டாயம் காக்க வேண்டும். ‘எனக்குப் புழுக்கமாக இருக்கிறது’ என்பதற்கு ‘தேங்கொ கலோர்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘சூடான’ என்னும் பெயரடையை ‘எஸ்தோய்’ வினையோடு சேர்த்துச் சொன்னால், அது காம வேட்கையைக் குறிக்கும்.

எல்லா ‘எனக்கு’களும் ‘தெனேர்’ வினைக்குள் வந்துவிடா என்று முன்பே சொன்னேன். அவற்றை ஒருமுறை தரம்பிரித்துக் கொண்டால் போதும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது ‘மெ கூஸ்த’. இங்கே ஸ்பானியமும் நம்மைப் போலவே ‘எனக்கு’ என்றே சொல்கிறது, பிடித்த பொருள்தான் எழுவாய். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் ‘மெ துவேலெ ல கபேஸ’ என்று தமிழின் அச்சிலேயே வரும். வலியைப் பெயராக்கி, ‘தலைவலி உடையேன்’ என்று ‘தெனேர்’ வினையாலும் சொல்லலாம். ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்பவற்றுக்குத் தனித்தனி வினைகள் உண்டு. களைப்பு, மகிழ்ச்சி, வருத்தம், கோபம் ஆகியவற்றை ஸ்பானியர் பொதுவாகப் பெயரடையால் சொல்வதால் அவை ‘எஸ்தார்’ வினையிடம் போய்விடுகின்றன. பசிக்கு ‘தெனேர்’, களைப்புக்கு ‘எஸ்தார்’ என்பதற்கு ஆழ்ந்த தத்துவம் எதுவும் இல்லை. அந்தந்த உணர்வுக்கு அம்மொழியில் வழக்கமாகப் பெயர்ச்சொல் பயன்படுகிறதா, பெயரடை பயன்படுகிறதா என்பதே அளவுகோல்.

வயதும் உடைமையே. ‘மி ஈஹ தியேனெ ஓச்சொ ஆஞொஸ்’ என்றால் என் மகளுக்கு எட்டு வயது. நேர்ப்பொருள் ‘எட்டு ஆண்டுகளை உடையாள்’. ‘குவான்த்தொஸ் ஆஞொஸ் தியேனெஸ்’ என்றால் உனக்கு என்ன வயது. ‘ஆண்டு’ என்ற சொல்லின் நடுவே வருவது நம் ஞகரமேதான். அதற்குரிய ஸ்பானிய எழுத்தின் தலையிலுள்ள சுழியை விட்டுவிட்டு னகரமாக எழுதினாலோ உச்சரித்தாலோ சொல் ஆசனவாயைக் குறிப்பதாக மாறிவிடும். ஞகரம் உள்ள மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நமக்கு அந்தப் பிழை நேரத் தேவையில்லை.

இப்போது வடிவங்கள். ஒழுங்கற்ற வினை என்று சொல்லப்பட்டாலும், ‘தெனேர்’ வினையின் ஒவ்வோர் ஒழுங்கின்மைக்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. அதே காரணம் வேறு பல வினைகளிலும் வேலை செய்கிறது. நிகழ்காலம் இப்படி: ‘தேங்கொ, தியேனெஸ், தியேனெ, தெனேமொஸ், தெனேயிஸ், தியேனென்’. நெடில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ‘தேங்கொ’ நீங்கலாக, அழுத்தம் வினையடியில் விழும் இடத்தில் எகரம் ‘யே’ ஆக விரிகிறது. ‘தெனேமொஸ்’, ‘தெனேயிஸ்’ என்பவற்றில் அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிடுவதால் வினையடி விரியாமல் நின்றுவிடுகிறது. லத்தீனிலிருந்து ஸ்பானியம் பிறந்தபோது அழுத்தமுள்ள குறில் எகரம் முறையாக அடைந்த மாற்றம் இது. அர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு வழங்கும் ‘போஸ்’ என்ற சொல்லோடு ‘தெனேஸ்’ என்று சொல்கிறார்கள். அங்கும் அழுத்தம் விகுதியில் இருப்பதால்தான் ‘யே’ வரவில்லை.

தன்மை ஒருமையில் வரும் ககரம் இந்த ஒரு வினைக்கு மட்டும் உரியதன்று. வா, வை, புறப்படு என்று பொருள்படும் வினைகளும் தன்மை ஒருமையில் ‘பேங்கொ’, ‘போங்கொ’, ‘ஸால்கொ’ என்று அதே ககரத்தை ஏற்கின்றன. இந்தத் தன்மை வடிவத்தைப் பிடித்துக்கொண்டால், விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும் வினைவகை முழுவதும் கைக்கு வந்துவிடும்: ‘தேங்க, தேங்கஸ், தேங்க’ என்று தொடர்வது ‘தேங்கொ’ என்பதிலிருந்து பிறந்ததே. ‘கெ தேங்கஸ் புவேன் பியாஹெ’ என்றால் உன் பயணம் நல்லபடியாக அமையட்டும். ‘குவாந்தொ தேங்கஸ் தியேம்ப்பொ’ என்றால் உனக்கு நேரம் இருக்கும்போது, அதாவது இனி வரும் ஒரு நேரத்தில்.

எதிர்காலத்தில் வினையடிக்கும் விகுதிக்கும் நடுவே ஒரு தகரம் முளைக்கிறது: ‘தெந்த்ரே’, ‘தெந்த்ராஸ்’, ‘தெந்த்ரா’. பழைய ஸ்பானியத்தில் வினையின் முழுப்பெயரோடு, அதாவது ‘தெனேர்’ என்பது போன்ற அகராதி வடிவத்தோடு, ‘அபேர்’ என்ற துணைவினை ஒட்டி எதிர்காலம் உருவானது. நடுவிலிருந்த எகரம் தேய்ந்து னகரமும் ரகரமும் நேருக்கு நேர் மோதியபோது, அவற்றை இணைக்க நாவே தகரத்தைக் கொடுத்துவிட்டது. ‘வா’ என்னும் வினைக்கு ‘பெந்த்ரே’, ‘வை’ என்னும் வினைக்கு ‘பொந்த்ரே’ என்று அமைவதும் இதனால்தான். ‘இருக்குமானால்’ என்ற நிபந்தனையின் விளைவைச் சொல்லும் ‘தெந்த்ரீய’ என்பதும் இந்த அடியிலிருந்தே பிறக்கிறது.

மிகவும் அந்நியமாகத் தெரிவது நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலம்: ‘தூபெ, துபீஸ்தெ, தூபொ, துபீமொஸ், துபீஸ்தெயிஸ், துபியேரொன்’. இதில் னகரமே காணாமல் போய்விடுகிறது. ‘அபேர்’ வினையின் இறந்தகால வடிவத்தைப் பார்த்து, அதே சாயலில் இந்த வினையும் தன்னை மாற்றிக்கொண்டது. ‘எஸ்துபெ’, ‘அந்துபெ’ என்று வரும் வேறிரண்டு வினைகளும் அதே சாயலைப் பெற்றவை. அவற்றில் அழுத்தம் துகரத்தில் விழும். இந்த மூன்றையும் சேர்த்தே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பின்னணியைச் சொல்லும் மற்றோர் இறந்தகாலமான ‘தெனீய’ முற்றிலும் ஒழுங்கானது. ஸ்பானியத்தில் இந்தக் காலத்தில் ஒழுங்கு மீறும் வினைகள் மூன்றே மூன்று. ‘தெனேர்’ அவற்றில் ஒன்றன்று.

இந்த இரண்டு இறந்தகாலங்களுக்கும் இடையிலுள்ள பொருள் வேறுபாட்டில்தான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள், ஏனெனில் தமிழின் ‘இருந்தது’ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. ‘நேற்று எனக்கு ஒரு கூட்டம் இருந்தது’ என்ற தமிழ் வாக்கியம், கூட்டம் நடந்ததா இல்லையா என்பதை முடிவாகச் சொல்வதில்லை. ஸ்பானியத்தில் ‘தூபெ’ என்று தொடங்கினால் கூட்டம் நடந்தது, நானும் அதில் இருந்தேன். ‘தெனீய’ என்று தொடங்கினால் கூட்டம் என் நாட்குறிப்பில் இருந்தது, நடந்ததா என்பது அடுத்த வாக்கியத்தில் தெரியும். குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ஒரு பெண்ணைப் பற்றி ‘தூபொ தோஸ் ஈஹொஸ்’ என்றால் அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ‘தெனீய தோஸ் ஈஹொஸ்’ என்றால் அப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ‘தெனீய மியேதொ’ என்பது பயமாக இருந்தது, ‘தூபெ மியேதொ’ என்பது பயந்துவிட்டேன். கடந்தகால வயதைச் சொல்லும்போது பின்னணிக் காலத்தையே பயன்படுத்த வேண்டும்: ‘எனக்கு எட்டு வயதாக இருந்தபோது’ என்பது ‘குவாந்தொ தெனீய ஓச்சொ ஆஞொஸ்’.

கட்டாயப் பொருளுக்கு வருவோம். ‘தெனேர்’ வினையோடு ‘கெ’ என்ற இடைச்சொல்லைச் சேர்த்து, அதன்பின் மற்றொரு வினையின் முழுப்பெயரை வைத்தால் ‘வேண்டியிருக்கிறது’ என்ற பொருள் கிடைக்கும். ‘தேங்கொ கெ ஈர்’ என்றால் நான் போக வேண்டும், போக வேண்டியிருக்கிறது. இதன் இறந்தகால வடிவங்களை ஆங்கிலத்தில் விளக்கப் பாடநூல்கள் பக்கக்கணக்கில் எழுதுகின்றன. தமிழில் இரண்டு சொற்களே போதும். ‘தெனீய கெ ஈர்’ என்பது ‘போக வேண்டியிருந்தது’; போனேனா என்பது தெரியாது. ‘தூபெ கெ ஈர்’ என்பது ‘போக வேண்டியதாயிற்று’; போனேன், வேறு வழியில்லாமல் போனேன். இந்த இணையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இங்கே தவறவே மாட்டீர்கள். எதிர்மறையும் தமிழோடு பொருந்துகிறது: ‘நோ தியேனெஸ் கெ ஈர்’ என்றால் நீ போக வேண்டியதில்லை. ‘போகக்கூடாது’ என்று தடுக்க ‘தெபேர்’ என்ற வேறொரு வினையைக் கொண்டு ‘நோ தேபெஸ் ஈர்’ என்று சொல்ல வேண்டும். கடமை, அறிவுரை ஆகியவற்றின் சாயல் உள்ள வினை அது. யார் என்று சுட்டாமல் பொதுவாக ‘செய்தாக வேண்டும்’ என்பதற்கு ‘ஆய் கெ’ என்று தொடங்குவார்கள். ஊகத்திலும் தமிழும் ஸ்பானியமும் ஒன்றுபடுகின்றன. ‘அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்’ என்று நாம் கட்டாயச் சொல்லால் ஊகத்தைச் சொல்வதுபோலவே, ‘தியேனெ கெ எஸ்தார் என் காஸ’ என்று அவர்களும் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இனி வருவது. பாடநூல்கள் இதைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளிவிடுகின்றன. தமிழருக்கு முதல் மாதத்திலேயே இதைச் சொல்லித் தரலாம் என்பது என் கருத்து. ‘எ எஸ்க்ரீத்தொ த்ரேஸ் கார்த்தஸ்’ என்றால் மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இது ‘அபேர்’ என்ற துணைவினையால் அமைவது. ‘தேங்கொ எஸ்க்ரீத்தஸ் த்ரேஸ் கார்த்தஸ்’ என்றால் மூன்று கடிதங்கள் எழுதி வைத்திருக்கிறேன். அவை தயாராக உள்ளன, அனுப்புவதுதான் பாக்கி. தமிழின் ‘வை’ என்ற துணைவினை செய்யும் அதே வேலையை இங்கே ‘தெனேர்’ செய்கிறது. முதல் வாக்கியத்தில் ‘எஸ்க்ரீத்தொ’ மாறாமல் நிற்க, இரண்டாவதில் அது கடிதத்தின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப ‘எஸ்க்ரீத்தஸ்’ என்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். எழுதப்பட்ட நிலையில் உள்ள கடிதங்களை நான் கைவசம் வைத்திருக்கிறேன் என்பதே அதன் உட்பொருள். பெற்றோர் பிள்ளைகளைக் கடியும்போது ‘தெ தேங்கொ தீச்சொ’ என்று தொடங்குவார்கள். ‘உனக்கு எத்தனை தடவை சொல்லி வைத்திருக்கிறேன்’ என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் இதற்கும் இம்மியும் வேறுபாடில்லை.

இந்தப் பொருத்தத்துக்கும் வரலாற்றில் இடம் உண்டு. ‘தெனேர்’ வினையின் லத்தீன் மூலத்துக்குப் ‘பிடித்திரு, கையில் வைத்திரு’ என்பதே பொருள். இடைக்கால ஸ்பானியத்தில் உடைமையைச் சொல்லும் பொது வினையாக இருந்தது ‘அபேர்’. ‘தெனேர்’ பிடித்திருத்தலுக்கே உரியதாக இருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல ‘தெனேர்’ உடைமையின் இடத்தை மெல்லமெல்லக் கைப்பற்ற, ‘அபேர்’ துணைவினையாகவும், ‘உண்டு’ என்னும் பொருளுள்ள ‘ஆய்’ என்ற வடிவமாகவும் ஒதுங்கிக்கொண்டது. இன்று ‘கடையில் ரொட்டி உண்டா’ என்று பொதுவாகக் கேட்க ‘ஆய்’ போதும்; ‘உங்களிடம் ரொட்டி இருக்கிறதா’ என்று கடைக்காரரையே கேட்டால் ‘தியேனெ’ வர வேண்டும்.

சிறு விதிகள் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ‘எனக்குக் கார் இருக்கிறது’ என்று வசதியைப் பொதுவாகச் சொல்லும்போது ‘ஒரு’ என்ற சுட்டு தேவையில்லை. ‘தேங்கொ கோச்செ’ என்றே சொல்வார்கள். இதற்கு மாறாக, உடலுறுப்புகளுக்குத் திட்டவட்டமான சுட்டு வரும்: ‘தியேனெ லொஸ் ஓஹொஸ் நேக்ரொஸ்’, அவருக்குக் கண்கள் கறுப்பு. மனிதர் செயப்படுபொருளானால் முன்னே ‘அ’ என்ற இடைச்சொல் வர வேண்டும் என்ற பொதுவிதி ‘தெனேர்’ வினைக்கு வழக்கமாகப் பொருந்தாது. ஆனால் குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட நிலையில் இருப்பதைச் சொன்னால் அது திரும்பிவரும். ‘என் அம்மா மருத்துவமனையில் இருக்கிறார்’ என்பதை, அந்தக் கவலை என்னுடையது என்ற தொனியோடு ‘தேங்கொ அ மி மாத்ரெ என் எல் ஒஸ்பித்தால்’ என்று சொல்வார்கள். ஏவலில் ‘தேன்’ என்பது ஒருமை: ‘தேன் குயிதாதொ’ என்றால் கவனமாக இரு. மறுத்து ஏவும்போது ‘நோ தேங்கஸ் மியேதொ’, பயப்படாதே. ‘கே தியேனெஸ்’ என்று ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால், உங்களிடம் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்கவில்லை; உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்கிறார். ‘தியேனெஸ் ரஸோன்’ என்றால் நீ சொல்வது சரி. கடைக்காரர் பொருளை நீட்டி ‘அக்கீ தியேனெ’ என்றால், இதோ வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வினையைக் கற்றதன் பெரும் பலன் அதன் குடும்பத்தில் கிடைக்கிறது. பராமரித்தலைக் குறிக்கும் ‘மன்த்தெனேர்’, உள்ளடக்குதலைக் குறிக்கும் ‘கொன்த்தெனேர்’, தடுத்து நிறுத்துதலையும் கைது செய்தலையும் குறிக்கும் ‘தெத்தெனேர்’, பெறுதலைக் குறிக்கும் ‘ஒப்தெனேர்’, தாங்குதலைக் குறிக்கும் ‘ஸொஸ்தெனேர்’, பிடித்துவைத்தலைக் குறிக்கும் ‘ரெத்தெனேர்’ என்று அனைத்தும் தாய்வினையின் அச்சிலேயே திரியும். காவலர்கள் கைது செய்தார்கள் என்னும் செய்தியில் ‘தெத்துபியேரொன்’ என்று வருவது இதனால்தான். இவற்றை ஒழுங்கான வினைகளாக எண்ணி இறந்தகாலத்தில் னகரத்தை விடாமல் வைத்துக்கொள்ளும் பிழை தாய்மொழியாளர் பேச்சிலும் தலைகாட்டுவதுண்டு. ‘கியேன் தூபொ, ரெத்தூபொ’ என்ற பழமொழி இதற்குக் கைகொடுக்கும்: ஒருகாலத்தில் அழகோ திறமையோ உடையவராக இருந்தவரிடம் அதன் மிச்சம் என்றும் இருக்கும் என்பது அதன் பொருள், தாய்வினையும் சேய்வினையும் ஒரே காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ‘உரியதாயிரு’ என்னும் பொருளுள்ள ‘பெர்த்தெனெஸேர்’ என்ற வினையும் தோற்றத்தால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகத் தெரியும். அது வேறு வாய்பாட்டில் திரிவது, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாட்டுக்கு நாடு சில மாற்றங்கள் உண்டு. ‘நீங்கள்’ என்று நெருங்கியவர் பலரை அழைக்கும் ‘தெனேயிஸ்’ ஸ்பெயினுக்கு உரியது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் அதன் இடத்தில் ‘தியேனென்’ என்றே வழங்கும். ‘இங்கே இரண்டு ஆண்டுகளாக வாழ்கிறேன்’ என்பதை மெக்சிகோவில் ‘தேங்கொ தோஸ் ஆஞொஸ் பிபியேந்தொ அக்கீ’ என்று ‘தெனேர்’ வினையாலேயே சொல்வார்கள். ஸ்பெயினில் அதே இடத்தில் ‘யேபொ’ என்று, ‘சுமந்து செல்’ என்ற பொருளுள்ள வேறொரு வினையால் தொடங்குவார்கள். எந்த நாட்டாரோடு பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். நாள்தோறும் நீங்கள் இயல்பாகச் சொல்லும் ‘எனக்கு’ வாக்கியங்களை ஒரு தாளில் தமிழிலேயே எழுதுங்கள்: பசி, வேலை, நேரமின்மை, சளி, பிள்ளையின் வயது, போக வேண்டிய இடம். ஒவ்வொன்றும் ‘தெனேர்’ வினைக்குப் போகுமா, ‘மெ கூஸ்த’ வகைக்குப் போகுமா, ‘எஸ்தார்’ வினைக்குப் போகுமா என்று முதலில் பிரியுங்கள். பிறகு ‘தெனேர்’ வாக்கியங்களை மட்டும் எடுத்து, இன்றைக்கு ‘தேங்கொ’, நேற்றைக்கு ‘தூபெ’ அல்லது ‘தெனீய’, நாளைக்கு ‘தெந்த்ரே’ என்று வாய்விட்டு மாற்றிச் சொல்லுங்கள். நேற்றைய வாக்கியத்தில் இரண்டில் எது என்று தீர்மானிக்க முடியாமல் நிற்கும்போதெல்லாம், அந்தத் தமிழ் வாக்கியம் ‘வேண்டியிருந்தது’ என்று முடிகிறதா, ‘வேண்டியதாயிற்று’ என்று முடிகிறதா, ‘இருந்தார்கள்’ என்பதா, ‘பிறந்தார்கள்’ என்பதா என்று கேட்டுப் பாருங்கள். வடிவத்தில் ஐயம் வந்தால், 1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு வினைக்கும் முழு வாய்பாட்டை அதில் காணலாம்.